தற்செயல் விடுப்பு

விடுப்புக் கடிதத்தில் காரணம்: சொந்த வேலை.
பொய்யில்லை.
நேற்று ராத்திரியே மைதாவில் வெண்ணெயைப் பிசிறியாயிற்று,
ஐஸ் தண்ணீரில் விரலை முக்கி முக்கி.
மகாராஜ நகரில் வைகாசி மாதம்
வெண்ணெய் என்பது ஒரு திரவம்.

காலையில் மாவை விரித்துத் தட்டில் அமர்த்தினேன்.
மேலே காகிதம், காகிதத்தின் மேல் கால் கிலோ மொச்சை.
தின்பதற்கு அல்ல, பாரத்துக்கு.
மேலே ஒன்றும் இல்லாவிட்டால் சூட்டில் எழும்பிவிடுமாம்.
எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த உதவிப் பொறியாளர்
நினைவுக்கு வந்தார்.

பிறகு வதக்கிய சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை,
துருவிய சீஸ், நாலு முட்டை, பால், கிரீம்.
போன சீசனில் குற்றாலத்தில் வாங்கி
இன்றுவரை எதற்கும் உதவாத ஜாதிக்காயில்
இரண்டு இழைப்பு.
கீஷ், என்று சொல்லிப் பார்த்தேன்.
காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம்.

குறிப்பில் ஒரு வரி எனக்குப் பிடித்திருந்தது:
ஓரம் உறைந்திருக்க வேண்டும்,
நடு மட்டும் நடுங்க வேண்டும்.

எட்டே முக்காலுக்கு உள்ளே வைத்தேன்.
ஒன்பதுக்கு அடுப்பின் சிவப்புக் கம்பிகள்
மெல்லக் கறுத்தன.

'மாதாந்திரப் பராமரிப்புப் பணிகள் காரணமாக
கீழ்க்கண்ட பகுதிகளில் காலை 9 மணி முதல்
மதியம் 2 மணி வரை மின்விநியோகம் இருக்காது.'
தட்டச்சு செய்தது நான்தான்.
மகாராஜ நகர் என்று அடித்தது இதே விரல்கள்.
நகல் மூன்று.

லைன்மேன் இசக்கிராஜைக் கூப்பிட்டேன்.
"எக்கா, நீங்க அடிச்ச நோட்டீஸை
நீங்களே மறந்துட்டியளா?"
கம்பத்தடியில் நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள்.
சிரித்து முடித்து அவன்தான் சொன்னான்,
மேலப்பாளையத்தில் ஒரு பேக்கரி,
இன்னும் விறகு அடுப்பு.

அதற்குள் கரண்டே வேண்டாத சாவி டைமர்
தன்பாட்டுக்கு ஓடி முடித்து
டிங் என்றது.
திறந்தேன்.
மஞ்சளாய் ஒரு குளம், மேலே கீரை மிதக்க.

ஸ்கூட்டியில் இரண்டு கால்களுக்கு நடுவே தட்டு.
ஒவ்வொரு வேகத்தடையிலும் இறங்கி உருட்டினேன்.
குலவணிகர்புரம் கேட் மூடிக்கிடந்தது.
நாகர்கோவில் வண்டி கடந்தபோது
தரை நடுங்கியது, ஸ்கூட்டி நடுங்கியது,
கீஷ் நடுங்கியது, ஓரம் நடு என்ற பேதமில்லாமல்.
பக்கத்து பைக்காரர் எட்டிப் பார்த்தார்.
"ஆம்லேட்டா?"
ஆமா, என்றேன். கேட் திறக்க நேரமாகும்போல் இருந்தது,
விளக்கம் சொல்ல அதைவிட நேரமாகும்.

மசூது பாய் நீளத் துடுப்பால் ரஸ்க் தட்டுகளை
இழுத்துக்கொண்டிருந்தார்.
நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு,
"இனிப்பில்லாத வட்டலப்பம்னு சொல்லுங்களேன்."
"நடு மட்டும் ஆடணும் பாய்."
"எனக்கே சொல்லுதியளா?"

அங்கே கடிகாரம் இல்லை.
தட்டை இழுப்பார், விளிம்பில் ஒரு தட்டு தட்டுவார்,
ஆட்டத்தைப் பார்ப்பார், மறுபடி உள்ளே.
மூன்றாம் தடவை தட்டிவிட்டு உள்ளே தள்ளவில்லை.
ஒரு பக்கம் லேசாகக் கருகியிருந்தது.
நடுவில், குழந்தையின் உச்சிக்குழி மாதிரி,
சின்னத் துடிப்பு.

காசு வாங்கவில்லை. ஒரு துண்டு வாங்கிக்கொண்டார்.
நின்று, மென்று,
"முருங்கை இலை பொருந்துது.
அந்த ஜாதிக்காயைக் குறைச்சிருங்க."

வீட்டில் தட்டைத் தேடவில்லை.
கருகின பக்கத்திலிருந்து தொடங்கினேன்.
இரண்டாவது துண்டில் இசக்கிராஜ் கூப்பிட்டான்.
"எக்கா, வந்துட்டா?"

வாய் நிறைய இருந்தது.
"வந்துட்டு," என்றேன்,
தலைக்கு மேல் நின்றுகிடந்த
மின்விசிறியைப் பார்த்தபடி.